தன்மையும் படர்க்கையும்
மைக்கேல் டில்லனின் மூன்று நூல்கள் பற்றி ஒரு நோக்கு

வடபுலத்தில் குடியேறி வாழும் நம் இல்லங்களில் அடிக்கடி நிகழும் வேடிக்கை ஒன்று உண்டு. ஊரிலிருந்து வந்த பாட்டியார் இரண்டு வாரத்தில் இந்தி பேச முற்படுவார். காய்கறிக்காரனிடம் 'நான் போகிறேன்' என்று சொல்ல விழைந்து, 'மைம் ஜாதா ஹூம்' என்பார். பேரக் குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கும். 'ஜாதா ஹூம்' என்பது ஆண் சொல்லும் சொல். பெண் சொல்லவேண்டியது 'ஜாதீ ஹூம்'. 'நான் போகிறேன் என்பதற்குள் ஆண் என்ன, பெண் என்ன?' என்று பாட்டியார் சினந்துகொள்வார்.

பாட்டியாரின் சினத்தில் இலக்கண நியாயம் இருக்கிறது. தமிழில் தன்மையிடத்துக்குப் பால் இல்லை. 'நான் வந்தேன்' என்று ஒருவர் கூறின், அவர் ஆடவரா பெண்டிரா என்று நம் மொழி கேட்பதில்லை. 'வந்தான்', 'வந்தாள்' எனப் பிறர் அவரைப் பற்றிப் பேசும்போதே பால் தோன்றுகிறது. தமிழைப் பொறுத்தவரை பால் என்பது ஒருவர் தம்மைப்பற்றித் தாமே சொல்லிக்கொள்வதில் இல்லை. ஊரார் வாயில் இருக்கிறது. ஆங்கிலத்துக்கும் இவ்வியல்பு உண்டு.

இந்தச் சிறிய இலக்கணச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் எழுதிய ஒருவரின் மூன்று நூல்களை இம்மலரில் நோக்க விழைகிறோம். அவர் பெயர் மைக்கேல் டில்லன். பெண்ணாகப் பிறப்புப் பதிவு செய்யப்பட்டு, ஆணாக வாழ்ந்து, 1962-ஆம் ஆண்டு நம் நாட்டு மண்ணில் மறைந்தவர். இன்று நாம் 'திருநம்பி' என்று வழங்கும் சொல் அவர் காலத்தில் இல்லை. அச்சொல்லுக்கு உரிய வாழ்வு இருந்தது. பெண்பாலிலிருந்து ஆண்பாலுக்கு உறுப்பமைப்பு அறுவை மருத்துவம் முழுமையாகச் செய்துகொண்டவர் என அறியப்பட்டவர்களுள் அவரே முதல்வர். ஆகவே மருத்துவ வரலாற்றில் அவருக்கு இடம் உண்டு. எழுத்தாளர் என்ற முறையில் அவருக்கு உரிய இடம் இன்னும் அளந்து பார்க்கப்படவில்லை என்பது நம் கருத்து.

வாழ்க்கைச் சுருக்கம்

1915-ஆம் ஆண்டு மே முதல் நாள் இலண்டனில் அவர் பிறந்தார். ஈன்ற சில நாட்களில் தாயார் இறந்தார். அயர்லாந்தின் லிஸ்முல்லன் என்னும் ஊரைச் சார்ந்த பட்டங்கொண்ட குடும்பம் அது. தமையன் ஒருவர், வளர்த்தவர்கள் கெண்ட் மாவட்டத்து ஃபோக்ஸ்டன் நகரில் வாழ்ந்த அத்தைமார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் மகளிர் கல்லூரியில் பயின்றார். மகளிர் படகுக் குழுவின் தலைவராகவும் விளங்கினார்.

அவருடைய தன்வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. பதின்பருவத்தில் ஓர் இளைஞருடன் நடந்து செல்கிறார். வழியில் ஒரு வாயிற்கதவு. இளைஞர் அதைத் திறந்து, பெண்ணுக்கு வழிவிடும் முறையில் ஒதுங்கி நிற்கிறார். இவர் திடுக்கிடுகிறார். 'இவர் என்னைப் பெண் என்றன்றோ எண்ணுகிறார்!' என்ற உணர்வு அப்போதுதான் தாக்குகிறது. அடியோ வசையோ இல்லை, காட்டப்பட்டது மரியாதை. அம்மரியாதையே அவருக்கு முதற் காயம் ஆயிற்று. படர்க்கையில் தாம் யார் என்பதை அவர் அறிந்த கணம் அது.

1935-இல் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மைச் சுரப்பு பிரித்தெடுக்கப்பட்டுச் செயற்கையாகவும் ஆக்கப்பட்டது. அதன் தொடர்பான ஆய்வுகளுக்காக பூட்டெனன்ட், ரூசிஸ்கா ஆகிய இருவர்க்கும் 1939-இல் வேதியியல் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. அதே 1939-இல் டில்லன் ஜார்ஜ் ஃபாஸ் என்ற மருத்துவரிடம் சென்று அம்மாத்திரைகளைப் பெற்றார். ஆனால் கருத்துக் கேட்பதற்கென அணுகிய மனநல மருத்துவர் ஒருவர் மறையைக் காக்கவில்லை. பேச்சு பரவ, டில்லன் வேலையைத் துறந்து பிரிஸ்டல் நகருக்குச் சென்று ஒரு மோட்டார்ப் பட்டறையில் பெட்ரோல் ஊற்றும் பணியில் அமர்ந்தார். ஆக்ஸ்போர்டுப் பட்டதாரி, உலகப்போரின் குண்டுவீச்சு இரவுகளில் தீக்காவலும் காத்தார்.

அப்பட்டறையில் உடன் வேலை செய்தோர் அவரைப் பற்றிப் புதியவர்களிடம் சொல்லி நகைத்தனர். ஆயினும் மருந்தின் பயனாகக் குரல் தடித்து முகத்தில் மயிர் அரும்பிய பின், வாடிக்கையாளர்கள் குழம்பக்கூடாது என்று பட்டறை மேலாளர் ஒரு கட்டளை இட்டார்: இனி அனைவரும் இவரை 'அவன்' என்றே குறிப்பிடவேண்டும். கொள்கையோ கருணையோ அன்று, வாணிப வசதி. எனினும் ஒரு படர்க்கைச் சொல் அவர்க்கு முதன்முதலாக வழங்கப்பட்டது மருத்துவமனையிலும் அன்று, நீதிமன்றத்திலும் அன்று. எண்ணெய்க் கறை படிந்த ஒரு பட்டறையில்.

1942-இல் பிரிஸ்டலில் மார்பக அறுவை நிகழ்ந்தது. 1944-இல் பிறப்புப் பதிவு திருத்தப்பட்டு, லாரன்ஸ் மைக்கேல் டில்லன் என்ற பெயர் ஏறியது. 1946 முதல் 1949 வரை ஹெரால்ட் கில்லீஸ் என்ற அறுவை மருத்துவர் பதின்மூன்று அறுவைகள் செய்தார். முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு முகம் மீட்டுத்தந்தவர் அவர். மறை வெளிப்படாதிருக்க, ஆண்களுக்குப் பிறவியில் நேரும் ஒரு குறையைச் சீர்செய்வதாகக் கில்லீஸ் மருத்துவப் பதிவில் எழுதினார். அறுவைகளின் இடையிடையே டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் டில்லன் மருத்துவம் பயின்று 1951-இல் தேறினார். அங்கே ஆடவர் படகுக் குழுவில் துடுப்பு வலித்தார் என்பதையும் குறிப்பிடவேண்டும். பின்னர்க் கப்பல் மருத்துவராகிக் கடலோடினார்.

முதல் நூல்: 'நான்' இல்லாத 'தான்'

1946-இல் வெளிவந்தது 'செல்ஃப்' என்னும் நூல். 'தான்' என்று தமிழாக்கலாம். ஒழுக்கவியலும் சுரப்பியலும் பற்றிய ஆய்வு என்பது அதன் துணைத்தலைப்பு. மனத்தை உடலுக்கு ஏற்ப மாற்ற இயலாதபோது உடலை மனத்துக்கு ஏற்ப மாற்றுவதே முறை என்பது அதன் சாரம். உளச் சிகிச்சையால் இத்தகையோரைத் 'திருத்தி' விடலாம் என்று மருத்துவ உலகம் நம்பிய நாட்களில், ஒருவர் தம் நிலையைத் தாமே அறிவார், மருத்துவர் அதற்குத் துணைநிற்க வேண்டும் என்று வாதாடிய நூல் இது. மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இதனைப் போற்றுவது தகும்.

இலக்கிய நோக்கில் நமக்குத் தோன்றுவது வேறு. தலைப்பிலே 'தான்' இருக்க, நூலுக்குள் ஆசிரியர் இல்லை. 'இத்தகையோர்', 'இவ்வியல்பினர்' என்று படர்க்கையிலேயே நூல் நடக்கிறது. தம் உடலின்மீது நடந்துகொண்டிருந்த ஒன்றை, எங்கோ யார்க்கோ நேர்வதைப்போல அவர் எழுதுகிறார். இதைக் கோழைமை என்று கூறின் அறியாமை. அந்நாளில் 'இது நான்' என்று எழுதியிருப்பின் அச்சிடப்பட்டிருக்காது. அச்சிடப்பட்டாலும் மருத்துவக் கல்லூரியின் கதவு சாத்தப்பட்டிருக்கும். ஆயினும் நூலின் நடை அவ்விலக்கத்தின் விலையைச் செலுத்துகிறது. வாதம் கூர்மையானது; உயிர்ப்பு குறைவு. பெண்டிரின் இயல்பு பற்றியும் ஒருபாற் காதலர் பற்றியும் அவர் கூறும் சில பொதுமைகள் இன்று ஏற்கத்தக்கன அல்ல. தமக்குக் கேட்ட நீதியைப் பிறர்க்கு அளக்கும்போது அவர் கை சற்றுச் சுருங்குகிறது.

இரு ஏடுகள் முரண்பட்ட கதை

அவர் வாழ்வின் பெரும் வீழ்ச்சி ஒரு நூல் மற்றொரு நூலோடு முரண்பட்டதால் நேர்ந்தது. ஆங்கில உயர்குடியினரின் மரபுவழியைப் பதிவு செய்யும் ஏடுகள் இரண்டு: டெப்ரெட், பர்க். பிறப்புப் பதிவு திருத்தப்பட்டதைக் காட்டி டில்லன் வேண்டியபடி, டெப்ரெட் அவரைத் தமையனுக்கு அடுத்த ஆண் வாரிசாகக் குறித்தது. பர்க் ஏட்டிலோ தமையனுக்குத் தங்கை ஒருத்தி இருப்பதாகவே நின்றது. 1958-இல் இம்முரண்பாடு செய்தித்தாளார் கண்ணில் பட்டது. கப்பல் அமெரிக்காவின் பால்டிமோர்த் துறையில் நின்றபோது நிருபர்கள் அவரை நாடிவந்தனர். டெப்ரெட் ஆசிரியர் தம் பதிவை விட்டுக்கொடாமல் நின்றார். ஆனால் தமையனார் முன்னரே உறவு பாராட்ட விரும்பாதவர். பதினான்கு ஆண்டுகளாகப் பேணிய அமைதி ஒரு நாளில் குலைந்தது.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று. பதின்மூன்று அறுவைகளும், மருத்துவப் பட்டமும், பதினாறு ஆண்டு ஆடவ வாழ்வும் ஒரு பழைய ஏட்டின் ஒரு வரியை அழிக்கப் போதவில்லை. மருத்துவம் செய்யக்கூடியதை எல்லாம் செய்துவிட்டது, எஞ்சியது படர்க்கை.

நமக்கு இது புதுக்கதை அன்று. பாரதத்தில் சிகண்டியின் வரலாற்றை நாம் அறிவோம். துருபதன் மகளாய்ப் பிறந்து மகனாய் வளர்க்கப்பட்ட சிகண்டி, திருமணத்துக்குப்பின் உண்மை வெளிப்பட, நாணி உயிர்விடக் காட்டுக்குச் செல்கிறார். அங்கே தூணன் என்னும் இயக்கன் இரங்கித் தன் ஆண்மையைத் தந்து பெண்மையைப் பெற்றுக்கொள்கிறான். சிலகாலத்துக்கு எனத் தந்த அது, குபேரனின் சாபத்தால் சிகண்டியின் வாழ்நாள் முழுவதும் நிலைக்கிறது. உடல் மாறிற்று, ஆயுதப் பயிற்சி முடிந்தது, தேரேறிப் போர்க்களம் புக்கார். ஆனால் பீஷ்மர் வில்லைத் தாழ்த்துகிறார். ஒருகால் பெண்ணாயிருந்தவரோடு பொருவதில்லை என்பது அவர் உறுதி. இயக்கன் மாற்றிவிட்டதைப் பாட்டனார் மாற்ற ஒருப்படவில்லை. நாம் வழக்கமாக இக்காட்சியில் பீஷ்மரின் அறப்பிடிவாதத்தைப் போற்றிக் கேட்கிறோம். சிகண்டியின் பக்கத்திலிருந்து அதைக் கேட்டால் எப்படி ஒலிக்கும் என்று கதாகாலட்சேபத்தில் எவரும் சொல்லக் கேட்டதில்லை.

இரண்டாம் நூல்: இம்ஜி கெட்சுல்

செய்தித்தாள்களிடமிருந்து தப்பி டில்லன் வந்து சேர்ந்த இடம் இந்தியா. கலிம்போங், சாரநாத், பின்னர் லடாக் என்று அவர் பயணம் நீண்டது. புத்தரின் மருத்துவராயிருந்த சீவகரின் பெயரை ஏற்று, திபெத்திய மரபில் லோப்சங் ஜீவகா ஆனார். 1960-இல் லடாக்கின் ரிட்சோங் மடத்தில் சுமார் மூன்று மாதங்கள் தங்கினார். அந்நாட்களின் பதிவே 1962-இல் வெளிவந்த 'இம்ஜி கெட்சுல்'. இம்ஜி என்பது ஆங்கிலேயரைக் குறிக்கும் அவ்வூர் வழக்கு. கெட்சுல் என்பது இளநிலைத் துறவி.

மூன்று நூல்களுள் மகிழ்ச்சி மிக்கது இதுவே. பட்டக் குடும்பத்து வாரிசு, மருத்துவர், நாற்பத்தைந்து வயதினர், தம்மினும் மிக இளைய பிள்ளைத் துறவியர்க்கும் பின்வரிசையில் அமர்ந்து, அடுக்களை வேலை செய்து, மடத்தின் எளிய உணவை உண்டு வாழ்கிறார். தாழ்வாக அவர் அதைக் கருதவில்லை. காரணம் எளிது: அம்மடத்தில் அவர் பழங்கதையை எவரும் அறியார். அங்குள்ளோர்க்கு அவர் ஒரு வெள்ளைக்காரத் துறவி, அவ்வளவே. அந்நாட்டு மக்களைப் பற்றி எழுதுகையில் ஆங்கில உயர்குடியின் மேட்டிமைத் தொனி சில இடங்களில் தலைகாட்டுகிறது. ஆயினும் அதைக் களைய அவர் முயல்வதும் பக்கங்களில் தெரிகிறது.

இந்நூலிலும் பாதி வாழ்வு மறைக்கப்பட்டிருக்கிறது. முன்னூலில் 'தான்' இன்றித் தம் நிலையை எழுதினார்; இந்நூலில் தம் நிலை இன்றித் தம்மை எழுதுகிறார். அவர் மறைத்ததற்குக் காரணமும் துறவு வாழ்விலேயே இருந்தது. இருபாலிலும் அடங்காதோர் எனக் கருதப்பட்டவர்களைப் பழைய விநய விதிகள் துறவினின்று விலக்கியிருந்தன. நம்பி ஒருவரிடம் சொன்ன மறை பின்னர்த் தடையாய் வந்து நின்றது. முழுநிலைத் துறவு அவர்க்குக் கிட்டவில்லை. போதிமரத்தின் நிழலிலும் ஒரு பர்க் ஏடு இருந்தது என்று கூறலாம்.

மூன்றாம் நூல்: இருபாதியும் இணைந்தது

1962 மே மாதத்தில், இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், அவர் தம் தன்வரலாற்றின் கையெழுத்துப் படியை இலண்டனிலிருந்த தம் இலக்கிய முகவர்க்கு அனுப்பினார். மே 15-ஆம் நாள், இன்று இமாசலப் பிரதேசத்தில் அடங்கும் டல்ஹௌசியில் காலமானார். வயது 47. கையெழுத்துப் படியை அழித்துவிட வேண்டும் என்பது தமையனாரின் விருப்பம். முகவர் அழிக்கவில்லை. ஐம்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 2016-இல், 'அவுட் ஆஃப் தி ஆர்டினரி' என்ற பெயரில் ஃபோர்தம் பல்கலைக்கழகப் பதிப்பாக அது வெளிவந்தது. ஜேகப் லாவ், கேமரன் பார்ட்ரிட்ஜ் ஆகியோர் பதிப்பாசிரியர்கள். நூலின் முகப்பில் மைக்கேல் டில்லன், லோப்சங் ஜீவகா என்ற இரு பெயர்களும் ஒருங்கே நிற்கின்றன.

முன்னிரு நூல்களிலும் பிரிந்து கிடந்த பாதிகள் இதில் இணைகின்றன. உடலின் மாற்றத்தையும் உள்ளத்தின் மாற்றத்தையும் ஒரே பயணத்தின் இரு பகுதிகளாக அவர் சொல்கிறார். தற்கால வாசகர்க்கு ஏமாற்றமும் உண்டு. அறுவைகளைப் பற்றிச் சுருங்கவே பேசுகிறார், காதல் தோல்வியை விரிக்கவில்லை, கண்ணீர் விடுவதில்லை. படகுப் போட்டி, கப்பல், துறைமுகம், ஆசிரியர்கள் பற்றியே பக்கங்கள் நிரம்புகின்றன. இதனைக் குறை என்று சில வாசகர் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. தம் வாழ்வு ஓர் அறுவை மேசையில் அடங்கிவிடுவதன்று என்பதே அவர் நிறுவ விழைந்தது. படகு வலிப்பவராகவும் மருத்துவராகவும் மாணாக்கராகவும் கடலோடியாகவும் துறவியாகவும் தம்மைக் காட்டுகிறார். அவ்வரிசையில் அறுவையும் ஒன்று. நிருபர்கள் தேடிவந்தது அந்த ஒன்றை மட்டும். நூல் அவர்களுக்கு விடையிறுக்கிறது.

முதல் நூலில் கூசிய 'நான்' இந்நூலில் கூசவில்லை. ஒரு வேறுபாட்டை வாசகர் உணரவேண்டும். தன்மையில் எழுதுவதற்கு அவர்க்கு எவருடைய இசைவும் தேவைப்படவில்லை. படர்க்கையில் ஒப்புக்கொள்ளப்படுவதற்கு முகவரும் பதிப்பாசிரியரும் அரைநூற்றாண்டும் தேவைப்பட்டன.

நன்னூலாரின் ஒரு விதி

இவ்விடத்தில் நம் இலக்கண நூல்களை நோக்குவது பொருந்தும். தொல்காப்பியர் ஆண்மை திரிந்தோரைப் பற்றி மட்டும் கூறினார். அவர்கள் ஆண்பாற் சொல்லை ஏலார் என்று விதித்தார். பெண்மையினின்று பெயர்ந்தோரைப் பற்றி அவர் நூல் விதிக்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் இக்குறையை நிரப்பினார். பெண் தன்மையை விட்டு ஆண் தன்மையை விரும்பும் பேடு ஆண்பாலாகும் என்றும், ஆண் தன்மையை விட்டுப் பெண் தன்மையை விரும்புவது பெண்பாலாகும் என்றும் நன்னூலில் விதி செய்தார்.

நாம் கருதவேண்டியது அவ்விதியில் வரும் வினை. பிறந்தது, தோன்றியது, உறுப்புற்றது என்று அவர் கூறவில்லை; அவாவுதல் என்றார். பாலை நிறுவுவது விழைவு. இருவகையினரையும் அஃறிணை போலவும் வழங்கலாம் என்று அதே விதி இறுதியில் இடம் தருவதையும் மறைத்தல் கூடாது. அத்தொடர் இன்று படிக்கையில் நெஞ்சில் தைக்கிறது; 'அது' என்று சுட்டி இழிவுசெய்யும் வழக்கம் அண்மைக்காலம்வரை நம் தெருக்களில் கேட்டதே. முனிவர் தம் காலத்து வழக்கைப் பதிந்தார். எனினும் 'வந்தான்' என்று சொல்வதற்கு மருத்துவரின் சான்றிதழைக் கேட்காத விதி ஒன்று தமிழில் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறது. டில்லனுக்கு அவர் மொழியில் அத்தகைய விதி இருந்ததில்லை. ஒரு பட்டறை மேலாளர் இருந்தார்.

பின்வந்த மைல்கற்கள்

டில்லனுக்குப் பின்னும் பாதை நேராகச் செல்லவில்லை. 1944-இல் அவர்க்குக் கிடைத்த பதிவுத் திருத்தம், 1970-இல் கார்பெட் வழக்கின் தீர்ப்புக்குப்பின் இங்கிலாந்தில் மற்றவர்க்குக் கிடைக்காதாயிற்று. 2004-இல் இயற்றப்பட்ட சட்டமே மீண்டும் வழி திறந்தது. அமெரிக்காவில் லூ சல்லிவன் என்பவர் 1986-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் திருநம்பியர்க்கென ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார். டில்லன் தனியே நடந்த பாதையில் பலர் சேர்ந்து நடக்கும் காலம் அதனால் வந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப்பட்டியலில், இந்நிலையை மனநோய்ப் பகுதியிலிருந்து நீக்கியது. டில்லன் 1946-இல் வாதாடிய ஒன்றை மருத்துவ உலகம் ஏட்டில் ஏற்க எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

நம் நாட்டில் 2014 ஏப்ரல் 15-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஒருவர் தம்மை ஆண் என்றோ பெண் என்றோ மூன்றாம் பாலினர் என்றோ தாமே உணர்ந்து கூறும் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, ஆண் அல்லது பெண் என்ற சான்று பெறுவதற்கு அறுவை நிகழ்ந்ததற்கான மருத்துவச் சான்றை வேண்டிற்று. தீர்ப்பு விழைவைக் கேட்டது. சட்டம் உடலைக் கேட்டது. பவணந்தியார் எப்பக்கம் நின்றிருப்பார் என்பதை வாசகரே முடிவு செய்யலாம்.

தமிழ் எழுத்திலும் திருநங்கையர் தம் குரலில் எழுதிய நூல்கள் முந்திவந்தன. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா', ரேவதியின் 'வெள்ளை மொழி' ஆகியவற்றை நம்மில் பலர் படித்திருக்கிறோம். திருநம்பியரின் குரல் அத்துணைப் பரவலாகக் கேட்கவில்லை. ரேவதி 2016-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் திருநம்பியர் சிலரின் வாழ்க்கைக் கூற்றுகளையும் சேர்த்துக்கொண்டது குறிப்பிடத்தக்கது. இக்குறைவுக்குக் காரணம் தேடத் தொலைவு செல்லவேண்டியதில்லை. மகனாய் வளர்க்கப்பட்டவர்க்கு வீட்டைவிட்டு வெளியேறும் வழியேனும் இருந்தது. மகளாய் வளர்க்கப்பட்டவரை வீடு வெளியே விடுவதில்லை. பெண்பார்க்க வருகிறார்கள் என்று சொல்லி உள்ளே இருத்துகிறது. எழுதுவதற்கு முன் கதவு திறக்கவேண்டும்.

நம் இல்லங்களுக்கு

இறுதியாக நம் குடும்பங்களைப் பற்றிச் சில சொற்கள். ஊரை விட்டு வந்தோர் நாம். நம் வீட்டில் ஏதேனும் நேரின், நம் முதற்கவலை 'ஊருக்கு என்ன எழுதுவது?' என்பது. மகளாக வளர்த்த பிள்ளை ஒருநாள் 'நான் மகன்' என்று கூறுமாயின், அக்கவலை பன்மடங்காகும் என்பதை நாம் அறிவோம். குடும்ப அட்டையில், பள்ளிப் பதிவேட்டில், உறவினர் திருமண அழைப்பிதழின் 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரிசையில், எங்கெங்கோ ஒரு பழைய பெயர் நிற்கும். அவ்வளவு ஏடுகளையும் ஒரே நாளில் திருத்த எவராலும் இயலாது.

இக்கட்டுரையில் டில்லனை 'அவர்' என்றே எழுதிவந்தோம். மரியாதைப் பன்மைக்குப் பால் இல்லை. ஆதலின் அது நமக்கு எளிது. நம் வீட்டிலும் அப்பன்மையின் நிழலில் ஒதுங்கிக்கொள்ள மனம் வரும். ஆனால் பெற்ற பிள்ளையை எவரும் 'அவர் வந்தார்' என்பதில்லை. 'வாடா கண்ணு' என்று மகளையே செல்லமாய் அழைக்கும் தந்தையர் நம்மிடையே உண்டு. அது செல்லம், நேரே நின்று சொல்வது. அடுத்த வீட்டார் கேட்கையில், தொலைபேசியில் ஊரார் வினவுகையில், அப்பிள்ளை அறையில் இல்லாத வேளையில், 'அவன் கல்லூரிக்குப் போயிருக்கிறான்' என்று சொல்வது வேறு. அது ஒப்புதல்.

டில்லனின் தமையனார் கையெழுத்துப் படியை எரிக்க விரும்பினார். அவர் கொடியவர் அல்லர். ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிய ஒரு குடும்பத் தலைவர். நம்மைப் போன்றவர்தாம். அவ்வச்சத்தின் விலை என்ன என்பதை அவர் தம்பியின் நூல் சொல்கிறது. இமயத்தின் மடியில் உறவினர் எவரும் அருகில் இன்றி அவர் இறந்தார். 'நான்' என்று எழுதி முடித்திருந்தார். 'என் தம்பி' என்று சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை.

'நம்பி' என்பது நம் மொழியில் ஆடவருள் சிறந்தோனைக் குறிக்கும் பழஞ்சொல். சுந்தரரை நம்பியாரூரர் என்று வழங்கினோம். அச்சொல்லைத் 'திரு' சேர்த்து இன்று சிலர்க்கு வழங்குகிறோம். வழங்கும் சொல்லின் பெருமை வழங்குவோர் வாயில் நிலைக்க வேண்டும். அதற்கு இம்மூன்று நூல்களும், குறிப்பாக மூன்றாவது, நல்ல பயிற்சியாகும். சங்கத்தின் நூலகத்தில் அது இடம்பெற வேண்டும் என்பதும், நம் இளைஞர் எவரேனும் அதைத் தமிழாக்க முன்வர வேண்டும் என்பதும் நம் வேண்டுகோள். மொழிபெயர்ப்போர்க்கு ஓர் எளிமை உண்டு: 'நான்' என்று தொடங்கி எழுதிச் செல்லலாம், தமிழ் இடைமறிக்காது.